ஆதியின் தலைக்குக் கீழே ஒரு வரிசை

பாய்மேல் அமர்ந்து இந்தப் பேரவைக்குத் தலைமை தாங்கும், பழங்குடிப் பெருமையில் பிறந்து பண்பினால் உயர்ந்து நிற்கும் ஆதி லோசலினி அவர்களே! மழையை மதியாமல் நசினுவிலிருந்தும் நவுவாவிலிருந்தும் பேருந்து பிடித்து வந்து, சொட்டும் குடையை வாசலில் சாய்த்துவிட்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கைப்பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, வாயாடிப் பிள்ளையை வாய்பொத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்களே! காது இரண்டையும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, கழுத்தையும் கையையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகும் என் தோழர்களே, தோழியர்களே! கடைசி வரிசையில் யங்கோனா பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, இந்தக் கவுண்டன் வீட்டு ருக்மணி எப்போது பேச்சை முடிப்பாள் என்று கணக்குப் போடும் வாலிபச் சிங்கங்களே! லம்பாசாக் கரும்புக்காட்டில் பிறந்து, சுவா நகரத்தில் தொண்டை தேய்ந்து, உங்கள் சங்கத்துக்குச் செயலாளராய் நிற்கும் நான், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். புலா வினாகா!

வேண்டாம், வேண்டாம். கைதட்டாதீர்கள். இன்று மட்டும் கைகளை மடியிலேயே வைத்திருங்கள். ஏன் என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது, பேச்சு முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். நான் கைதட்டலை வேண்டாம் என்று சொல்கிறேன் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

மேடையைப் பாருங்கள். மாலை இருக்கிறதா? மலர்ச்செண்டு இருக்கிறதா? ஒன்றும் இல்லை. ஒரு மேசை, அதன்மேல் ஒரு கணினி, அதற்கு முன்னால் ஒரு நாற்காலி. நாம் நாள் முழுவதும் உட்காரும் அதே நாற்காலி. உருளும் கால், சுழலும் இடுப்பு, பக்கத்தில் ஏற்றவும் இறக்கவும் ஒரு பிடி. இந்த நாற்காலிக்காகத்தான் இன்றைய கூட்டம். ஒரு நாற்காலிக்காகக் கூட்டமா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு சிரிக்க வராது.

இதில் எப்படி உட்கார வேண்டும்? சிரேலி, நீ எழுந்து வா. வந்து உட்கார். நம் அலுவலகத்தில் விளக்கு எரியாவிட்டாலும் கதவு மூடாவிட்டாலும் நாம் கூப்பிடுகிற பழுதுபார்ப்பவர் இந்தச் சிரேலிதான், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். உட்கார்ந்தாயா? பாதம் தரையில் படிகிறதா? படியட்டும். தொடை தரைக்குச் சமமாகக் கிடக்கிறதா? கிடக்கட்டும். முதுகின் அடிவளைவு நாற்காலியின் முதுகில் சாய்கிறதா? சாயட்டும். தோள் தொங்காமல், காதுவரை ஏறாமல், தளர்ந்து நிற்கட்டும். முழங்கை மேசை மட்டத்தில் மடங்கட்டும், மணிக்கட்டு மடங்காமல் நேராய் நிற்கட்டும். திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேரே இருக்கட்டும். மேசையை நம்மால் அசைக்க முடியாது, அது ஆணியடித்த மேசை. ஆகவே நாற்காலிதான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். உன் உடம்புக்கு நாற்காலி. உன் எலும்புக்கு நாற்காலி. பக்கத்தில் இருப்பவருடைய உடம்புக்கு அல்ல!

என்ன சிரேலி? என்ன முணுமுணுக்கிறாய்? "அக்கா, இப்படி உக்காந்தா தூக்கம் வருது" என்கிறான். தூங்கு, ஆனால் நேராகத் தூங்கு!

சரி. சிரித்தது போதும், தோழர்களே.

நம் அலுவலகத்தில் சன்னல் ஓரத்து வரிசை ஒன்று உண்டு. கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன், சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். அந்த வரிசைப் பெண்கள் அனைவரும் ஒரே தீவுக்காரர்கள். ஒருத்தி வேலைக்கு வந்தாள், தங்கையை அழைத்தாள். தங்கை வந்தாள், மச்சாளை அழைத்தாள். நம் ஊரில் வேலை அப்படித்தானே நிறைகிறது? அந்த வரிசையில் அமர்ந்தவள்தான் வாசெமாதா. பனைமரம் போல் உயரம். பள்ளிக்கூடத்துக்கு வலைப்பந்து ஆடியவள். கதவு நிலையில் தலை இடிக்காமல் நுழையக் குனிவாள், குனிந்தபடியே சிரிப்பாள். அடிலெய்டில் யாருக்கோ மின்சாரம் நின்றால் சுவாவில் இவள் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பாள். பெர்த்தில் யாருக்கோ கட்டணம் கூடினால் இங்கே இவள் மன்னிப்புக் கேட்பாள். வாசெமாதாவின் தொழிலே மன்னிப்புக் கேட்பதுதான். அவள் விரல்களோ, விசைப்பலகைமேல் மழை பெய்வதுபோல் ஓடும். வேகத்தில் அந்தத் தளத்தில் அவளை யாரும் தொட்டதில்லை.

அந்த நாளில் அவள் நாற்காலி சரியாகத்தான் இருந்தது. அவள் உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தவனே இந்தச் சிரேலிதான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, அதே வரிசைக்கு, அதே சன்னல் ஓரத்துக்கு, வாசெமாதாவின் அடுத்த மேசைக்கு, வேலைக்கு வந்தார் ஒருவர். யார் வந்தார்? இதோ, பாய்மேல் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாரே, அந்த ஆதி லோசலினி அவர்கள் வந்தார்கள். அந்தப் பெண்களின் தீவுக்கே தலைமைக் குடும்பம், ஆதி என்பதே அந்தக் குடும்பத்துப் பெண்களின் பட்டம். அவர் தந்தையின் முன்னால் இவர்களுடைய தந்தைமார் தவழ்ந்து போனவர்கள். குடி பெரியதுதான், ஆனால் வீட்டுவாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் பெரியகுடி சின்னக்குடி தெரியுமா? வந்தார்கள், காதில் கருவியை மாட்டினார்கள், மற்றவர்களைப்போல் உட்கார்ந்தார்கள்.

எதில் உட்கார்ந்தார்கள்? புதிதாக வருகிறவருக்கு நம் அலுவலகத்தில் எந்த நாற்காலி கிடைக்கும்? நீங்களே சொல்லுங்கள். ஆம்! அந்த அம்மா சொன்னது சரி. யாருக்கும் வேண்டாத நாற்காலி கிடைக்கும். மூலையில் கிடந்ததை உருட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். உட்கார்ந்ததும் அது இறங்கியது. மெல்ல மெல்ல இறங்கி, அடியில் போய் நின்றது. ஏற்றும் குழலில் காற்று நிற்காத நாற்காலி அது.

வாசெமாதா எழுந்தாள். முழங்காலை மடித்துத் தாழ்ந்து சொன்னாள்:

"துலோ, ஆதி, மன்னிக்கணும். என் நாற்காலி நல்லா இருக்கு. நீங்க இதுல உக்காருங்க."

"வேணாம்மா. எனக்கு இதுவே போதும்."

அவ்வளவுதான். பெரியவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டது. மறுபடி கேட்க முடியுமா? உங்களில் யாராவது கேட்பீர்களா? நான் வேற்றுக்குடியில் பிறந்தவள், இந்த மண்ணிலேயே முடி நரைத்தவள், நான்கூடக் கேட்டிருக்கமாட்டேன். ஆதி தாழ்ந்து உட்கார்வதைப் பணிவு என்று அந்தப் பெண்கள் நினைத்தார்கள். தலைவியே இத்தனை பணிவாய் அமரும்போது, அவர் தலைக்குமேல் நம் தலை நிற்கலாமா? வாசெமாதாவின் கை நாற்காலியின் பிடிக்குப் போனது. அவள் இறங்கினாள். அவளுக்கு அடுத்த உனாய்சி அவளைப் பார்த்து இறங்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அடுத்தவளைப் பார்த்து அதற்கடுத்தவள். அன்று மத்தியானத்துக்குள் அந்த வரிசையே இறங்கிவிட்டது, தோழர்களே.

குள்ளமானவளுக்கு அது வேதனை. உயரமானவளுக்கு? வாசெமாதாவை நினைத்துப் பாருங்கள். நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கியும் அவள் தலை ஆதியின் தலைக்குமேல்தான் நின்றது. எனவே முதுகைக் கூனினாள். கூனியும் போதவில்லை, இடுப்பை முன்னால் சறுக்கி விட்டாள். முழங்கால் மார்புக்கு வந்தது. மேசை தோளுக்கு வந்தது. மேலே இருக்கும் விசைப்பலகையை எட்ட மணிக்கட்டை மடக்கினாள், மேலே இருக்கும் திரையைப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். காலையில் அப்படி, மாலையில் அப்படி. நேற்று அப்படி, இன்று அப்படி, போன வருஷம் அப்படி. சற்று முன்பு சிரேலியை உட்கார வைத்துக் காட்டினேனே, அதில் ஒவ்வொன்றுக்கும் நேர்மாறாக அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தான் ஒருவன். வாய் திறந்தும் சொன்னான். தினமும் சொன்னான். சிரேலி சொன்னான்! ஆனால் சிரேலி யார்? அந்தத் தீவுக்குக் கேலிமுறை உறவான தவ்வுக்காரன். தவ்வுக்காரன் எதைச் சொன்னாலும் கோபிக்கக் கூடாது, சிரிக்க வேண்டும், அதுதானே முறை? அவன் அந்த வரிசையைத் தாண்டும்போதெல்லாம் சத்தம் போடுவான்:

"என்னடி, உங்க வரிசை நாளுக்கு நாள் கடலுக்குள்ள இறங்குது! தண்ணி கழுத்துக்கு வந்தா சொல்லுங்க, படகு கொண்டாறேன்!"

"போடா, உங்க ஊர்ல படகே ஓட்டைதானே!" என்பாள் உனாய்சி.

"வாசெமாதா, உன் முட்டி உன் காதுக்கு என்ன ரகசியம் சொல்லுது?"

"உன் மண்டைக்குள்ள காத்துதான் இருக்குன்னு சொல்லுது!"

எல்லாரும் சிரிப்பார்கள். ஆதியும் சிரிப்பார்கள். வேறு எவன் சொல்லியிருந்தாலும், என்ன இவன் சொல்கிறான் என்று ஒருத்தியாவது தன் முதுகைத் தடவிப் பார்த்திருப்பாள். சொன்னவன் தவ்வுக்காரன், அதனால் உண்மையும் கேலியாகிப் போனது. சிரேலி, தலையைக் குனியாதே அப்பா. உன்னைக் குறை சொல்ல வரவில்லை. சொல்லியவன் நீ ஒருவன்தான். ஆதியின் நாற்காலியைத் தொட்டுப் பார்க்க உனக்கும் முறையில்லை.

மேலாளர் ஒருவரும் பார்த்தார். கிரஹாம் ஐயா. வேறொரு கடற்கரையிலிருந்து விமானத்தில் வந்து போகிறவர். அவர் பார்த்து என்ன செய்தார் தெரியுமா? மெச்சினார்! அந்த வரிசைக்குப் பின்னால் போகிறவர்கள் குனிந்து, துலோ, துலோ என்று சொல்லிப் போவதைப் பார்த்தார். அந்தப் பெண்கள் தாழ்ந்து, அடங்கி, முனகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இதுவல்லவோ பணிவான வரிசை என்று பரிசு கொடுத்தார். கிரீம் கேக் வெட்டினார்கள். கேக்கை வாசெமாதா இடது கையால் வாங்கித் தின்றாள். வலது கை அன்றைக்கே மரத்துப் போயிருந்தது.

தோழர்களே, என் தாய்மார்களே, இனி அந்தக் கையின் கதை.

முதலில் சுண்டுவிரல் மரத்தது. வலிக்குத் திலோக்கொட்டை எண்ணெய் தேய்த்தாள். பிறகு மணிக்கட்டு வீங்கியது. துணி சுற்றிக்கொண்டாள். பிறகு கழுத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முழங்கைக்கும், கம்பி இழுத்ததுபோல் ஒரு வலி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பால் பிழிய உட்கார்ந்தாள். துருவலை அள்ளினாள், விரல் மூடவில்லை. துருவல் அவள் மடியிலேயே கொட்டியது. அவள் கணவர் சொன்னார், "விடு, நான் பிழியறேன்" என்று. அதற்கு அவள் அழுதாள். மாமியார் முன்னால் மானம் போனதாக நினைத்து அழுதாள்.

வேகம் குறைந்தது. வேகத்தில் அந்தத் தளத்துக்கே முதலில் நின்றவளைக் கடைசியாக நிற்கிறாய் என்று வேலையைவிட்டு நிறுத்தினார்கள். மருத்துவர் பார்த்தார். கழுத்தில் நரம்பு நசுங்கி நெடுநாள் ஆகிவிட்டது, இனி அந்தக் கை பழையபடி வராது என்று சொன்னார். வயதாகவில்லை. நோய் வரவில்லை. விபத்து நடக்கவில்லை. ஒரு பெண் மரியாதையாக உட்கார்ந்தாள், அதனால் கை போனது!

நஷ்டஈடு கேட்டுச் சங்கம் போனது. நான்தான் போனேன். கிரஹாம் ஐயா என்ன சொன்னார்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அம்மா, அவங்க நாற்காலி நல்ல நாற்காலி. ஏத்தறதுக்கும் பிடி இருக்கு, இறக்கறதுக்கும் பிடி இருக்கு. இறக்கினது அவங்க கை. நாங்க என்ன பண்ண முடியும்?"

என்ன பேச்சு இது! எரிகிற வயிற்றில் இன்னும் எண்ணெய் ஊற்றுகிற பேச்சு! ஆனால் தோழர்களே, அவள் ஏன் இறக்கினாள் என்று எனக்கே அன்றைக்குத் தெரியாது. நேரே நந்தேராவுக்குப் போனேன், அவள் வீட்டுக்கு. கேட்டேன்.

"ஏம்மா நாற்காலிய அவ்வளவு கீழ எறக்கின?"

"எனக்கு அப்படித்தான் வசதியா இருந்துச்சுக்கா."

"பொய் சொல்லாத. பனமரம் மாதிரி இருந்துகிட்டு முட்டி மோவாய்ல இடிக்க உக்காந்தா வசதியா?"

"வசதியாத்தான் இருந்துச்சு. விடுங்கக்கா."

விட்டேனா? இந்த ருக்மணி விடுகிற ஆளா? உனாய்சியிடம் போனேன். அவளும் விடுங்கக்கா என்றாள். நான் சத்தம் போட்டேன். அவளும் சத்தம் போட்டாள்.

"என்னக்கா சொல்லச் சொல்றீங்க? ஆதி தலைக்கு மேல எங்க தலை இருக்கக் கூடாதுன்னு எறங்கினோம். அதப் போய் அந்த மனுஷன் முன்னாடி சொல்லவா? ஆதியாலதான் கை போச்சுன்னு எழுதிக்குவாங்க. வாசெமாதாவுக்கு ரெண்டு கையும் போனாலும் அவ சொல்லமாட்டா. நானும் சொல்லமாட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கையும் போயிற்று, கைக்குக் கிடைக்கவேண்டிய நியாயமும் போகப் போகிறது, இரண்டையும் ஒரே மரியாதை விழுங்கப் போகிறது என்று விளங்கியது.

மறுநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், அந்தத் தளத்துக்குப் போனேன். ஆதியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஆமாம், உட்கார்ந்தேன்! ஐயோ ஐயோ என்று அங்கே யாரோ பதறுகிறீர்கள். ஆதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நீங்கள் பதற வேண்டாம். உட்கார்ந்தேன், பிடியை இழுத்தேன். ஏறவில்லை. எழுந்து இழுத்தேன், ஏறியது. உட்கார்ந்தேன், இறங்கியது. பணிவு அல்ல அது! பழுது! இத்தனை பேரும் பணிந்தது ஒரு பழுதான குழலுக்கு!

ஆதியிடம் போனேன். அவர்கள் அனுமதி கொடுத்ததால் இதை இந்த மேடையில் சொல்கிறேன்.

"ஆதி, உங்க நாற்காலி கெட்டுப் போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"மொத நாளே தெரியும்."

"ஏன் சொல்லல? மாத்திக் குடுத்திருப்பாங்களே?"

"எப்படிம்மா சொல்றது? என் நாற்காலிய ஒசத்திக் குடுங்கன்னு நானே போய்க் கேட்டா என்ன பேசுவாங்க? வேலைக்கு வந்த எடத்துலயும் ஆதிக்கு ஒசந்த எடம் வேணுமாம்னு பேசமாட்டாங்களா? என் பொண்ணுங்க முன்னாடி நான் சாதாரணமா இருக்கணும்னு நெனச்சேன். அதான் பொறுத்துகிட்டேன்."

"அவங்களும் பொறுத்துகிட்டாங்க, ஆதி. உங்களுக்குக் கீழ எறங்கி உக்காந்து பொறுத்துகிட்டாங்க. அதுலதான் வாசெமாதாவோட கை போயிடுச்சு."

தோழர்களே, அவர்கள் முகத்தை நான் அன்று பார்த்தேன். இனி அப்படி ஒரு முகத்தை நான் பார்க்க வேண்டாம். ஒருவர் தன்னை உயர்த்திக்கொள்ள வெட்கப்பட்டார். மற்றவர்கள் அவரைவிட உயர வெட்கப்பட்டார்கள். நல்ல மனதுக்கு மேல் நல்ல மனது அடுக்கி, அந்த அடுக்கின் அடியில் ஒரு பெண்ணின் நரம்பு நசுங்கியது. கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் சண்டை போடலாம். இதற்கு யாரோடு சண்டை போடுவது? போடலாம், போட வேண்டும்! உடைந்த நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து போட்டவனோடு போட வேண்டும். கூனிய முதுகைப் பார்த்துக் கேக் வெட்டியவனோடு போட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை நந்தேராவில் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். ஆதி லோசலினி, வாசெமாதாவின் வீட்டுக்கு வந்தார்கள். கையில், மன்னிப்புக் கேட்கும்போது முறைப்படி கொடுக்கிற திமிங்கிலப் பல். மன்னிப்புக் கேட்டு வருகிறவர் எங்கே உட்கார்வார்? வாசலோரம், பாயின் கடைசியில், கீழே. அங்கே உட்கார்ந்தார்கள். வாசெமாதா பதறிப் போனாள்.

"ஆதி! மேல வாங்க! அங்க உக்காரக் கூடாது, மேல வாங்க!"

"நீ உக்காரும்மா. இன்னிக்கு நான் எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியும்."

ஊரான் வீட்டு மின்சாரத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டவளிடம், அன்றுவரை யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? கம்பெனி கேட்டதா? கிரஹாம் ஐயா கேட்டாரா? தப்பே செய்யாத ஆதிதான் கேட்டார்கள். வாசெமாதாவின் சித்தப்பா இரு கையாலும் அந்தப் பல்லை வாங்கினார். வாங்கியதும் முறைப்படி அனைவரும் கையைக் குவித்துத் தட்டினோம். கனமான, ஆழமான அந்த ஓசை உங்களுக்குத் தெரியும். வாசெமாதாவும் கையைத் தூக்கினாள். இடது கை குவிந்தது. வலது கை குவியவில்லை. இரண்டையும் சேர்த்தாள். தட்டினாள். ஓசை வரவில்லை. மறுபடி தட்டினாள். வரவில்லை. நாங்கள் எல்லாரும் நிறுத்திய பிறகும் அவள் தட்டிக்கொண்டிருந்தாள், எப்படியாவது ஒரு ஓசை வந்துவிடும் என்று தட்டிக்கொண்டிருந்தாள். ஆதி எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அதனால்தான் இன்று உங்களைக் கைதட்டாதீர்கள் என்றேன். முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

வரும் திங்கட்கிழமை தீர்ப்பாயத்தில் வழக்கு. ஏன் இறக்கினாள் என்ற ஒரே கேள்விதான் அங்கே இருக்கிறது. ஆதி வருவார்கள், சொல்வார்கள். ஆனால் ஆதி ஒருவர் சொன்னால், பெரிய மனசுள்ளவர், பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று தள்ளிவிடுவார்கள். இறங்கியவர்கள் சொல்லவேண்டும். உனாய்சி சொல்லவேண்டும், அவள் வரிசை சொல்லவேண்டும். சொன்னாலும் கை திரும்பாது. ஏமாற்றமாட்டேன், அந்தக் கை திரும்பாது. ஆனால் அவள் வீட்டு அடுப்பு எரியும். நாளைக்கு அந்த மூலையில் கிடக்கும் நாற்காலியை இன்னொரு புதியவளுக்கு எவனும் உருட்டிவிடமாட்டான்.

வாசெமாதா, மேடைக்கு வாம்மா. இந்த நாற்காலியில் உட்கார். ஏன் நிற்கிறாய்? ஆதி பாயில் இருக்கிறார்கள் என்றா? தலையை ஆட்டுகிறாள். ஏறமாட்டேன் என்கிறாள். பார்த்தீர்களா, கை போன பிறகும் ஏறமாட்டேன் என்கிறாள்! அங்கே சன்னல் ஓரத்து வரிசைப் பெண்களைப் பாருங்கள், எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள்.

இருங்கள். ஆதி ஏதோ சொல்கிறார்கள். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுங்கள். கேட்கவில்லையா? கடைசியில் இருப்பவர்களுக்கு நானே சொல்கிறேன். ஆதி சொன்னது இதுதான்:

"வாசெமாதா, ஏறி உக்காரு. இது என் வார்த்தை. உனாய்சி, மத்த பொண்ணுங்களா, நீங்களும் கேளுங்க. எனக்கு மரியாதை செய்யணும்னா திங்கக்கிழமை வாயத் தொறந்து பேசுங்க. நான் உடைஞ்ச நாற்காலில உக்காந்திருந்தேன், என்னப் பாத்து நீங்க எறங்கினீங்க. அத மறைச்சா, அதுதான் எனக்கு அவமானம்."

சிரேலி, எழுந்திரு, அவளுக்கு இடம் விடு. பிடியை இழு. ஏற்று. இன்னும் ஏற்று, அவள் கால் நீளம் உனக்குத் தெரியாதா? போதும். பாதம் படிகிறதா அம்மா? முதுகைச் சாய்த்துக்கொள். தோளைத் தளர்த்து. அந்தக் கையை மேசைமேல் வை, அது கிடக்கிறபடி கிடக்கட்டும். நிமிர்ந்து உட்கார். இன்னும் நிமிர். அதோ, அவள் தலை ஆதியின் தலைக்கு எவ்வளவு மேலே நிற்கிறது பாருங்கள். கூரை இடிந்து விழுந்ததா? கடல் பொங்கி உள்ளே வந்ததா? ஆதி அண்ணாந்து அவளைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

உனாய்சி எழுந்துவிட்டாள். என்னம்மா? சத்தமாகச் சொல். "நான் வரேன் அக்கா. திங்கக்கிழமை நான் பேசறேன்" என்கிறாள். அவளுக்கு அடுத்தவள் எழுகிறாள். அதற்கடுத்தவளும் எழுகிறாள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி இறங்கிய வரிசை, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுந்து நிற்கிறது!

கை பரபரக்கிறது, எனக்குத் தெரிகிறது. தட்டாதீர்கள். நான் சொல்வதுபோல் செய்யுங்கள். எல்லாரும் இரு கைகளையும் தூக்குங்கள். பெரியோர்களே, நீங்களும். கிண்ணத்தைக் கீழே வையுங்கள், வாலிபர்களே. கைகளைக் குவியுங்கள். ஒன்றை ஒன்று நெருங்கட்டும், தொடாமல் நிற்கட்டும்.

ஒரு ஓசையும் இல்லை, கேட்கிறதா? கூரைமேல் விழும் மழைதான் கேட்கிறது. வாசெமாதா தட்டினால் இப்படித்தான் இருக்கும், இனி எப்போதும் இப்படித்தான் இருக்கும். இந்த ஓசையின்மையை மனதில் வைத்துக்கொண்டு, நாளைக் காலை உங்கள் நாற்காலியின் பிடியைத் தொடுங்கள்.

இந்தக் கடுமையான கதையைப் பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பிள்ளையை அழவிடாமல் காத்த தாய்மார்களுக்கும், பாய்மேலிருந்தபடி எங்களை எழுப்பிய ஆதி அவர்களுக்கும், ஏறி அமர்ந்த என் தங்கை வாசெமாதாவுக்கும் நன்றி. திங்கட்கிழமை தீர்ப்பாயத்து வாசலில் சந்திப்போம், நிமிர்ந்த முதுகோடு வாருங்கள். வினாகா. வணக்கம்.